உஷார்! “இன்ஜினியரிங்ல சேந்துக்கோ, டாக்டருக்கு அப்புறம் பாத்துக்கலாம்”

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு ஜமுனாமரத்தூரிலும் ஜவ்வாது மலையின் மற்ற ஊர்களிலும் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. “கம்ப்யூட்டர் குரூப் எடுத்துக்கோ, சுலபம். இன்ஜினியரிங்ல சேந்துக்கோ. டாக்டர் ஆசை இருந்தா நீட் அப்புறம் எழுதிக்கலாம். இன்ஜினியரிங் முடிச்சிட்டுக்கூட டாக்டருக்குப் போலாமாம்.” சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. விண்ணப்பம் போட்டுத் தரும் நெட் சென்டர்காரர், ஓசூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன், செல்போனில் வந்த ஏதோ ஒரு வீடியோ. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் பிள்ளை, எதிர்த்துக் கேட்க ஆளில்லாமல் அதை அப்படியே நம்புகிறது.

நம்பாதீர்கள். இந்தப் பேச்சைக் கேட்டு குரூப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், பிள்ளைக்குப் பதினைந்து வயதிலேயே மருத்துவப் படிப்பு கைநழுவிப் போகிறது. போனது வீட்டுக்குத் தெரியவருவதோ இரண்டு வருடம் கழித்து, நீட் விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்போதுதான்.

மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் சேரும்போது அறிவியல் பக்கம் மூன்று வழிகள் முக்கியமானவை. முதலாவது, பயோ-மேத்ஸ் என்று எல்லோரும் சொல்லும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். இரண்டாவது, உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல். மூன்றாவது, கணிதமே இல்லாமல் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் படிக்கும் ப்யூர் சயின்ஸ். அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகளுக்கும் அதனோடு இணைந்த கல்லூரிகளுக்கும் நடக்கும் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நீட் தேர்விலோ 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்துதான் மீதி 360. அதாவது, ஒரு பக்கம் கணிதம் இல்லாமல் நுழைய முடியாது, மறுபக்கம் உயிரியல் இல்லாமல் நுழைய முடியாது. இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டுமானால் பயோ-மேத்ஸ் ஒன்றுதான் வழி. கம்ப்யூட்டர் குரூப் எடுத்த பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்தாலும், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் உயிரியல் இல்லாவிட்டால் எம்.பி.பி.எஸ். தகுதியே இல்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் பலர் தைரியம் சொல்கிறார்கள். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிளஸ் டூ முடித்த பிறகும் உயிரியலையோ உயிரித்தொழில்நுட்பவியலையோ கூடுதல் பாடமாக, அங்கீகாரம் பெற்ற கல்வி வாரியத்தில் எழுதித் தேறியவர்கள் நீட் எழுதலாம் என்றது. சட்டப்படி சரி. ஆனால் மலையிலிருந்து இறங்கி வெளியூர் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை, ஆசிரியர் இல்லாமல், ஆய்வகம் இல்லாமல், இரண்டு வருடத்து உயிரியலைத் தனியாகப் படித்து, செய்முறைத் தேர்வும் முடித்து, அதற்குமேல் பயிற்சி மையத்தில் இரண்டு வருடம் இதையே படித்து வந்தவர்களோடு போட்டி போட வேண்டும். நகரத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது கடினம். இந்த மலைப் பிள்ளைக்கு இதை ஒரு வழியென்று காட்டுவதே கொடுமை.

“இன்ஜினியரிங் முடித்துவிட்டு டாக்டருக்குப் போகலாம்” என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. அங்கே பள்ளி முடித்தவுடன் யாரும் நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போவது வழக்கமில்லை. முதலில் ஒரு பட்டம். அது இன்ஜினியரிங்காக இருக்கலாம், வரலாறாக இருக்கலாம், இசையாகக்கூட இருக்கலாம். அதனோடு உயிரியல், கரிம வேதியியல், இயற்பியல் பாடங்களை முடித்து, எம்கேட் தேர்வு எழுதி, பிறகு நான்கு வருடம் மருத்துவம். ஆகவே அங்கிருக்கும் தமிழ் மாணவர் “பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுத்தேன், மெடிக்கல் ஸ்கூலுக்கும் முயற்சி செய்கிறேன்” என்று சொன்னால் அது அந்த ஊருக்குச் சரியான திட்டம். அந்த வீடியோவைக் காவலூரிலோ அத்திப்பட்டிலோ உட்கார்ந்து பார்த்துவிட்டு அதேபோலச் செய்ய நினைத்தால் ஏமாற்றம்தான். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். என்பது பிளஸ் டூவுக்கு அடுத்த படி: நான்கரை வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி மருத்துவர் பணி. நான்கு வருடம் பி.இ. படித்து முதல் வகுப்பில் தேறியிருந்தாலும் நீட்டில் அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதல் கிடையாது. இருபத்திரண்டு வயதில், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு அதே வரிசையில், அதே பிளஸ் டூ பாடத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மருத்துவத் தொழில்நுட்பம் படிக்க மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. டாக்டர் இன்ஜினியரிங் பக்கம் வரலாம். இன்ஜினியர் டாக்டராக அதுபோன்ற படிப்பு எதுவும் இந்தியாவில் இல்லை. ஒற்றைவழிச் சாலை அது. எதிர்ப்பக்கத்திலிருந்து வண்டியை விட்டால் பாதியில் நிற்க வேண்டியதுதான்.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. பயோமெடிக்கல் இன்ஜினியரிங், பயோடெக்னாலஜி, மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ் என்ற பெயர்களில் ‘பயோ’வோ ‘மெடிக்கல்’லோ இருப்பதால் “பாதி டாக்டர் மாதிரிதான்” என்று சேர்த்துவிடும் கல்லூரி ஏஜென்டுகள் இருக்கிறார்கள். பாதி டாக்டர் என்று ஒன்று கிடையாது. சென்னை ஐ.ஐ.டி. 2023இல் மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியலில் நான்காண்டு பி.எஸ். பட்டம் தொடங்கியது, ஐசர் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கிறார்கள். மிக நல்ல படிப்பு. அதை முடித்தவரும் நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுக்க முடியாது. அந்தப் படிப்பைத் தாழ்த்திச் சொல்லவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தானும் பொறியாளர்களும் பல வருடம் தோற்றுத் தோற்றுச் செய்த சித்ரா செயற்கை இதய வால்வு 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்த வால்வு எத்தனையோ ஏழை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. வேலூர் சி.எம்.சி., சென்னை ஐ.ஐ.டி., அந்த நிலையம் மூன்றும் சேர்ந்து மருத்துவமனைக் கருவிகளுக்கான பொறியியலில் எம்.டெக். நடத்துகின்றன. இந்த வேலையை விரும்பிப் போகிற பிள்ளை கொடுத்து வைத்தது. டாக்டர் ஆகலாம் என்று நம்பிப் போகிற பிள்ளைதான் நான்காம் வருடத்தில் மனம் உடைகிறது.

இனி, சரியான குரூப் எடுத்து, பிளஸ் டூவும் முடித்து, நீட்டில் எதிர்பார்த்த மதிப்பெண் வராமல், கையில் ஓர் இன்ஜினியரிங் சீட்டோடு நிற்கும் பிள்ளையைப் பற்றி. இங்கேதான் அதிகச் சேதம் நடக்கிறது. “சேர்ந்துடு, படிச்சிக்கிட்டே அடுத்த வருஷம் நீட் எழுது” என்கிறார்கள். நீட் 2023இல் மே 7, 2024இல் மே 5, 2025இல் மே 4. மூன்றும் மே மாத முதல் ஞாயிறு. இன்ஜினியரிங் கல்லூரியில் இரண்டாம் செமஸ்டர் செய்முறைத் தேர்வும் பல்கலைக்கழகத் தேர்வும் நெருக்கும் நேரம் அது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் தேர்வெழுதவே சிக்கல். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் வருடக் கணிதமும் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸும் ஆங்கிலத்தில் தலைமேல் ஏறி நிற்கும். அதோடு ராத்திரி உட்கார்ந்து உயிரியலும் படித்தால் இரண்டிலும் பாதிதான் மிஞ்சும். மே மாதம் நீட் கைகூடாது. ஜூலையில் பார்த்தால் நான்கு பேப்பர் அரியர். பிறகு அந்த அரியரைத் துரத்தியே மூன்று வருடம் போய்விடுகிறது.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: இரண்டில் ஒன்றை முழுதாகச் செய்ய வேண்டும். நீட்டில் கொஞ்சத்தில் தவறியிருந்தால், ஒரு வருடத்தை ஒதுக்கி, வேறு எதையும் தொடாமல் படித்து எழுதட்டும். நீட்டுக்கு வயது உச்சவரம்பு 2022லேயே நீக்கப்பட்டுவிட்டது. எத்தனை முறை என்ற கட்டுப்பாடும் இல்லை. ஆனால் வெகுதூரத்தில் தவறியிருந்தால், வாங்கிய மதிப்பெண்ணை விவரம் தெரிந்த ஆசிரியரிடம் காட்டிக் கேட்டுவிட்டு, இன்ஜினியரிங்கில் முழு மனதோடு இறங்கிவிடுவது நல்லது. “ரெண்டையும் பார்க்கலாம்” என்பது சொல்பவருக்கு எளிது, சுமப்பவருக்கு இல்லை.

இன்னொரு சிக்கல், பலருக்குப் பிடிபடாதது. இரண்டு கவுன்சலிங்கும் ஒரே நாளில் நடப்பதில்லை. இன்ஜினியரிங் சீட் முதலில் உறுதியாகிறது, கல்லூரியில் டி.சி., மதிப்பெண் பட்டியல், ஜாதிச் சான்றிதழ் எல்லாவற்றின் ஒரிஜினலையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிறகு மருத்துவக் கலந்தாய்வில் பெயர் வருகிறது. ஒரிஜினல் கேட்டுப் போனால் “நாலு வருஷ ஃபீஸ் கட்டு” என்று மிரட்டும் கல்லூரிகள் உண்டு. பயந்துபோய் டாக்டர் சீட்டையே விட்டுவிடாதீர்கள். யு.ஜி.சி. 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை தெளிவாகச் சொல்கிறது: கல்லூரி ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது. தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. விதியும் அதையேதான் சொல்கிறது. கட்டிய பணத்தை எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. அந்தத் தேதியைச் சேர்ந்த அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் ஒவ்வொன்றுக்கும் பத்து நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். விலகல் கடிதம் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

ஜவ்வாது மலைப் பெற்றோர் இன்னும் முன்னாலேயே விழித்துக்கொள்ள வேண்டிய விஷயம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் தமிழ்நாடு அரசு சட்டமாகக் கொண்டுவந்தது. இதில் சீட் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பழங்குடியினருக்கு மாநிலத்தில் தனி இடஒதுக்கீடு 1 சதவீதம்தான் என்பதால், இந்த மலைப் பிள்ளைகளுக்கு 7.5 எவ்வளவு பெரிய துணை என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் நிபந்தனை: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளும் வனத்துறைப் பள்ளிகளும் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. “அதுவும் இலவசம்தானே, அரசுச் சம்பளம்தானே” என்று ஏழாம் வகுப்பில் ஒரு வருடம் உதவி பெறும் பள்ளியில் சேர்த்துவிட்டுப் பின்னால் அரசுப் பள்ளிக்கு மாற்றினாலும் அந்த ஒரு வருடம் எல்லாவற்றையும் அழித்துவிடும். பிளஸ் டூவில் தனியார் பள்ளி “நாங்கள் இலவசமாகச் சேர்த்துக்கொள்கிறோம், நீட் பயிற்சியும் தருகிறோம்” என்று வந்து கூப்பிடும்போதும் இதே ஆபத்து. போவதற்குமுன் தலைமை ஆசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “இங்க படிச்சா ஏழரை சதவீதத்துல வருமா சார்?” பதில் எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

வழி தவறிய ஒரு வருடம் சமவெளியில் ஒரு வருடம்தான். மலையில் அப்படி இல்லை. சாமையும் புளியும் தேனும் வருடம் முழுக்கக் குடும்பத்தைக் காப்பாற்றுவதில்லை. அதனால்தான் ஆட்கள் வெளிமாநில வேலைக்குப் போகிறார்கள். படிப்பு பாதியில் நின்ற பையனை, மரம் வெட்ட ஆள் சேர்க்கும் ஏஜென்ட் தேடி வருகிறான். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 மரம் வெட்டும் தொழிலாளர்களில் திருவண்ணாமலை மாவட்டத்து ஆட்களும் இருந்தார்கள். அந்தக் கதி எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். அரியரோடு வீடு திரும்பும் பையனைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கையில் இன்ஜினியரிங் சீட், மனதில் மருத்துவம் என்ற நிலையைத் தமிழ்நாடு ஒருமுறை மிகக் கொடுமையாகப் பார்த்தது. 2017இல் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 199.75, மருத்துவக் கட்-ஆஃப் 196.75. அதற்கு முந்தைய வருடத்து முறை இருந்திருந்தால் டாக்டர் சீட். நீட்டில் 86. விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைக்கும் நிலையிலும் அவர் மனம் மருத்துவத்தில்தான் இருந்தது. நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர், அந்த செப்டம்பர் முதல் நாள் நம்மைவிட்டுப் போனார். அந்தக் குழந்தையை இழந்தது நம் எல்லோருடைய தோல்வி. உங்கள் வீட்டில் பிள்ளை ரிசல்ட்டுக்குப் பிறகு பேசாமல், சாப்பிடாமல் இருந்தால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். 104 எண்ணுக்கு அழைத்தால் மனநல ஆலோசகர் பேசுவார், 14416ம் இருக்கிறது. இரண்டும் இலவசம். செல்போன் டவர் கிடைக்காத ஊர் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரிலேயே கூட்டிப் போங்கள்.

இந்த மலைக்கு டாக்டரும் வேண்டும், இன்ஜினியரும் வேண்டும். 2023 மே மாதக் கடைசியில் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாமல் ஆஸ்பத்திரி சேருவதற்குள் உயிர் போனது. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸும் மேலே போக வழியில்லாமல் பாதியில் நிற்க, தாய் குழந்தையைக் கையில் ஏந்தி நடந்தே மலையேறினார். அந்த மரணத்தைத் தடுத்திருக்கச் சாலை போடத் தெரிந்தவரும் தேவை, பக்கத்திலேயே விஷமுறிவு மருந்தோடு ஒரு டாக்டரும் தேவை. எது உயர்ந்தது என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. காவலூரில் 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்டது. இந்த மலையில் பொறியியலுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2024இல் பச்சமலை ரோகிணி திருச்சி என்.ஐ.டி.யில் வேதிப் பொறியியலுக்குப் போனார். 2025இல் கல்வராயன் மலை கருமந்துறை ராஜேஸ்வரி ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் பழங்குடியினர் பட்டியலில் 417ஆம் இடம் பெற்றுச் சென்னை ஐ.ஐ.டி.க்குப் போனார். அவர்களும் மலைப் பிள்ளைகள், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவர்கள். இன்ஜினியரிங்கை டாக்டர் சீட் கிடைக்காததற்கு ஆறுதலாக எடுக்காமல், அதற்காகவே படித்துப் போனவர்கள்.

ஆக, பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை எதுவென்று தீர்மானிக்க முடியாமல் இருந்தால், கணக்கு ஓரளவாவது வரும் என்றால், பயோ-மேத்ஸ் எடுக்கட்டும். சுமை அதிகம்தான், இரண்டு வருடச் சுமையைத் தாங்கினால் இரண்டு படிப்பும் கையில் இருக்கும். கணக்கு சுத்தமாக வராது, மருத்துவம்தான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளை ப்யூர் சயின்ஸ் எடுக்கலாம். நீட் கைகொடுக்காவிட்டாலும் கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே நிரப்பப்படுகின்றன, ஆடு மாடு வளர்க்கும் மலைக்கு அந்த டாக்டரும் பெரிய டாக்டர்தான். கம்ப்யூட்டர் குரூப்பை, மருத்துவம் வேண்டவே வேண்டாம் என்று பிள்ளையே சொன்னால் மட்டும் எடுங்கள். வெளிநாட்டில் நீட் இல்லாமல் எம்.பி.பி.எஸ். என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் படித்து இங்கே வந்து டாக்டராக வேலை பார்க்க நினைப்பவருக்கும் 2018 முதல் நீட் கட்டாயம்.

மலைமேல் இருக்கும் எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருக்காது. உங்கள் பள்ளியில் பயோ-மேத்ஸ் இல்லை என்றால் “இருக்கறத எடுத்துக்கோ” என்று விட்டுவிடாமல், போளூர், திருப்பத்தூர், ஆலங்காயம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் விசாரியுங்கள். அங்கே தங்கிப் படிக்க அரசு நல விடுதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வேறு குரூப்பில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டால், பள்ளி திறந்த முதல் சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து மாற்றக் கேளுங்கள். பாடம் ஓடிவிட்டால் மாற்ற மாட்டார்கள். மலையாளிப் பழங்குடியினருக்கான இனச் சான்றிதழைத் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர்தான் தருவார்; விசாரணைக்கு நாள் பிடிக்கும். அதற்குப் பிளஸ் டூ ரிசல்ட் வரை காத்திருக்காமல், இந்தப் பிளஸ் ஒன் வருடத்திலேயே மனு போட்டு, மனு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.